சாவே இல்லாத காப்பகம்

எங்கள் காப்பகத்தை நம்பினால், நூறு வருஷமாகத் தமிழ்நாட்டில் ஒருவர்கூடச் சாகவில்லை.

கல்யாணப் பத்திரிகை ஆறாயிரத்துச் சொச்சம் இருக்கிறது. மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, புதுமனை புகுவிழா, கடைத் திறப்பு எல்லாம் இருக்கின்றன. பையன் பரீட்சையில் பாஸானதற்கு ஊருக்கு நன்றி சொல்லி ஒருவர் அடித்த நோட்டீஸ்கூட இருக்கிறது. ரேஷன் கார்டும் பஸ் டிக்கெட்டும் தேர்தல் துண்டுப் பிரசுரமும் ஜவுளிக்கடைப் பையும் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. இந்த மாநிலத்தின் கதையைப் பெரிய மனிதர்களின் கடிதங்களில் மற்றவர்கள் தேடிக்கொள்ளட்டும், ஜனங்கள் தூக்கிப்போடும் தாள்களில் நாம் தேடுவோம் என்று கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவின் மாடியில் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறோம். நாம் என்றால் பட்டியல் போடுகிற நான், தேவானை. ஸ்கேன் எடுக்கிற சிம்ரா. சம்பளம் தருகிற அறக்கட்டளைக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து ஏசி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

கருமாதிப் பத்திரிகை மட்டும் ஒன்றுகூட இல்லை. எப்படி இருக்கும்? வாசலில் நின்று படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுத்தான் நம் ஜனங்கள் உள்ளே வருவார்கள். வீட்டுக்குள் வரக்கூடாத தாள் அது. நான் யாரையும் குறை சொல்ல முடியாது. போன ஐப்பசியில் என் பெரியப்பாவின் பத்திரிகை அசோக் நகருக்குத் தபாலில் வந்தது. கேட்டருகே நின்று படித்து, நாலாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டது இந்தக் கைதான். பஸ் ஏறிப் பாதி வழி வந்த பிறகுதான் நான் என்ன வேலை பார்க்கிறவள் என்பது ஞாபகம் வந்தது. சிம்ராவிடம் சொன்னேன். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

இந்த வருஷம் பொங்கல் முடிந்த கையோடு வெள்ளைச்சாமி அண்ணாச்சி வந்தார். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், பூர்வீகம் அருப்புக்கோட்டைப் பக்கம். அறுபத்து நாலு வயசில் ஒரு பெரிய தோல் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்து, மூச்சு வாங்க மேஜைமேல் வைத்தார்.

"எங்கப்பா சேத்து வச்சது. மொத்தத்தையும் எடுத்துக்கங்க தங்கச்சி. பதிலுக்கு ஒரே ஒரு காகிதம் தேடிக் குடுக்கணும்."

அவர் சொன்ன இரண்டாவது வாக்கியம் சத்தியமாக என் காதில் விழவில்லை. பெட்டியைத் திறந்துவிட்டேன். அவருடைய அப்பா இராக்கப்பன் ஐம்பத்தெட்டில் தி.நகரில் கடை போட்டவர். முதல் கடைத் திறப்பு அழைப்பிதழிலிருந்து எல்லாம் இருந்தது, நான்கு மூலையிலும் தடவிய மஞ்சளோடு. ஒரு கட்டு லெட்டர்ஹெட்டில் 'மதறாஸ் ஸ்டேட்' என்று அச்சடித்திருந்ததை ஒவ்வொரு தாளிலும் பேனாவால் அடித்து, பக்கத்தில் 'தமிழ்நாடு' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தார். மாநிலத்துக்குப் பேர் மாறியது என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இங்கே ஒரு மனுஷன் உட்கார்ந்து இருநூறு தாளிலும் ஒவ்வொன்றாக மாற்றியிருக்கிறார். நான் "சிம்ரா, இங்கே வா, இங்கே வா" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி," என்றார் அண்ணாச்சி. "எங்கம்மா கருமாதிப் பத்திரிகை வேணும்."

சிம்ரா என்னைப் பார்த்தாள். நான் லெட்டர்ஹெட்டைக் கீழே வைத்தேன்.

அவர் சொன்னது இது. அவருக்கு நாலு வயசாக இருக்கும்போது அம்மா சீனியம்மாள் இல்லாமல் போனாள். அப்பா அவரைக் கடை ஆளோடு ஊருக்கு அனுப்பி அத்தை வீட்டில் விட்டார். அந்த வருஷமே சென்னையில் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். வீட்டில் அம்மாவின் போட்டோ கிடையாது. இறந்த தேதி கிடையாது.

"எங்கப்பாகிட்ட ஒரே ஒரு தடவை கேட்டேன். 'செத்துப்போயிட்டா'ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. ஊர்ல அவுக பேச்சு வேற. சாவுன்னா சொல்லி அனுப்பிருப்பான்ல, நமக்கு ஒரு கடுதாசி வரலையே, அவ எவன்கூடயோ ஓடிப்போயிட்டா, அதான் மூடி மறைக்கான்னு. எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் எனக்குப் பின்னால இந்தப் பேச்சு வரும். நான் திரும்பிப் பாக்க மாட்டேன்."

போன கார்த்திகையில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் ஏதோ வாய்த்தகராறு. ஒரு பெரியவர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாராம், ஓடிப்போனவள் மகனுக்கு என்ன ரோஷம் என்று. பேத்தி அனுப்ரியா பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தாள். பிளஸ் டூ படிக்கிற பெண். வீட்டுக்கு வந்து கேட்டாள்: "தாத்தா, உங்கம்மா ஓடிப்போயிட்டாங்களா?"

"எனக்குத் தெரியலம்மான்னு சொன்னேன் தங்கச்சி. நெசமாவே தெரியாது. அமாவாசைக்கு அமாவாசை பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் போறேன். அப்பாவுக்கு மட்டும் எள்ளுந் தண்ணியும் விட்டுட்டு வாரேன். அம்மாவுக்கு எப்படி விடுறது? உசுரோட எங்கயாவது இருந்தா? இருக்கவளுக்கு விடலாமா?"

மாநகராட்சியில் கேட்டுப் பார்த்திருக்கிறார். தேதி தெரியாமல் எந்தப் பதிவேட்டில் என்று தேடுவது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா இருந்தபோது குடியிருந்த தெருவில் அந்தக் காலத்து ஆள் ஒருவர்கூட இல்லை.

நான் அவரிடம் கையை விரித்திருக்க வேண்டும். ஜனங்கள் கிழித்துப்போடுகிற ஒரே தாளைப் போய்க் கேட்கிறார், அதுவும் அறுபது வருஷத்துக்கு முந்தையதை. ஆனால் என் கண் அவர் பெட்டியிலிருந்த அழைப்பிதழ்களின் கால்மாட்டுக்குப் போய்விட்டது. கடைத் திறப்பு, ஆயுத பூஜை, பொங்கல் வாழ்த்து, அவருடைய சொந்தக் காதுகுத்து என எல்லாவற்றின் கீழும் எறும்பு சைஸில் ஒரே வரி: ஜமீலியா பிரஸ், மயிலாப்பூர். முப்பது வருஷமாக இராக்கப்பன் அச்சாபீஸை மாற்றவே இல்லை.

"பெற்றுக்கொண்டவன் கிழிப்பான். அடித்தவன் ஏன் கிழிக்கிறான்?" என்றேன். சிம்ரா போனை எடுத்து ஏற்கெனவே தேட ஆரம்பித்திருந்தாள்.

ஜமீலியா பிரஸ் இருந்தது. கச்சேரி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மெட்ரோக்காரர்கள் வைத்த தகரத் தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு போகவேண்டிய இடத்தில், இன்னமும் இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு மூன்று பேரும் போய் நின்றோம். வெளியே ஃப்ளெக்ஸ் போர்டு மாதிரிகள், உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பழைய ஆஃப்செட் மெஷின். முதலாளி மெஹபூப் அலிக்கு அறுபத்தைந்து இருக்கும். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார்.

"கல்யாணக் கார்டா மேடம்? ஆல்பம் தோ கீது, பாருங்க."

"கருமாதிக் கார்டு," என்றேன். "பழசு. அறுபத்தஞ்சாம் வருஷத்தது."

"இன்னாது?"

விஷயத்தைச் சொன்னேன். அவசரத்தில் பாதியை விழுங்கிவிட்டுத்தான் சொன்னேன், சிம்ரா நடுநடுவே நிரப்பினாள். மெஹபூப் அலி முதலில் டீ வாங்கி வரச் சொல்லிப் போனில் பேசினார். பிறகு, "எல்லாம் கீது," என்றார், தேங்காய் இருக்கிறதா என்று கேட்டதற்குச் சொல்வதைப் போல.

அவருடைய அப்பா எதை அடித்தாலும் ஒரு காப்பியைக் கம்பியில் குத்தி வைப்பாராம். நல்ல காரியத்துக்கு அடித்ததெல்லாம் கீழே, ஆல்பத்தில். கருமாதி, நினைவு நாள் எல்லாம் மேலே பரணில், தகரப் பெட்டியில். "கல்யாணக் கார்டு பாக்க வர்றவங்க கண்ணுல இது பட்டா அபசகுனம்னுவாங்க. அதுக்கோசரம் தனியா வச்சாரு. தூக்கிப் போட்டுடுன்னு யாரும் சொல்லல, நானும் போடல."

ஏணியில் நானே ஏறினேன். நாற்பத்தெட்டு வயசு, முட்டி வலி, புடவை. சிம்ரா கீழே நின்று "அக்கா, நான் ஏறுறேன்க்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். விடுவேனா? மூன்று தகரப் பெட்டிகள். முதல் பெட்டியைத் திறந்தபோது என் வாயிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று எனக்குத் தெரியாது. மெஹபூப் அலி பயந்துபோய், "பல்லியா மேடம்?" என்று கேட்டார்.

பல்லி இல்லை. எங்கள் காப்பகத்தில் சாகாமல் இருந்த அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். நாற்பத்தெட்டாம் வருஷத்திலிருந்து கம்பி கம்பியாக, கறுப்புப் பட்டை போட்ட கார்டுகள். தரையில் பழைய நியூஸ்பேப்பர் விரித்து உட்கார்ந்து இரண்டு பேரும் புரட்டினோம். 'ரங்கூனிலிருந்து திரும்பி வந்த' என்று ஒருவர். 'பினாங்கிலிருக்கும் மகன் வர இயலாததால்' என்று இன்னொருவர். 'செங்கற்பட்டு ஜில்லா' என்பது ஒரு வருஷத்தில் 'மாவட்டம்' ஆகிறது. 'ஸ்ரீமான்' கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து 'திரு' ஏறுகிறது. ஐம்பதுகளில் பேருக்குப் பின்னால் கட்டாயம் வந்த சாதி, எழுபதுகளில் பல கார்டுகளில் காணாமல் போய்விட்டது. கல்யாணப் பத்திரிகையில் பெருமைக்காகப் பொய் எழுதுவார்கள். இதில் எதற்குப் பொய்? எந்தப் பெட்டியில் போடுவது, எப்படி எண் கொடுப்பது, கண்காட்சியில் எந்தச் சுவர் என்று மனசு ஓடிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு கார்டின் பின்னாலும் பென்சிலில் உருதுவில் இரண்டு மூன்று வரி. எல்லா வரிகளும் குறுக்கே அடிக்கப்பட்டிருந்தன. சிம்ராவுக்கு உருது படிக்கத் தெரியும். "எத்தனை காப்பி, யார் கையில் குடுத்தது, எப்போ. வேலை முடிய முடிய அந்த வரியை அடிச்சிருக்காரு," என்றாள்.

"எங்கப்பா அப்டித்தான். அடிக்காத வரி இருந்தா ராத்திரி சோறு எறங்காது அவருக்கு," என்றார் மெஹபூப் அலி.

அப்போதுதான் அண்ணாச்சியைக் கவனித்தேன். பிளாஸ்டிக் ஸ்டூலில், வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். டீ ஆறி ஏடு படிந்திருந்தது.

"தங்கச்சி," என்றார், திரும்பாமல். "இங்க எல்லாம் இருக்குன்னு சொல்றாரு. அப்ப எங்கம்மாளோடது மட்டும் இல்லேன்னா?"

எனக்குச் சுரீர் என்றது. நான் அதை யோசிக்கவே இல்லை. இவ்வளவு நாள் அவருக்கு 'தெரியாது' என்று ஒரு பதில் இருந்தது. எல்லாரையும் வைத்திருக்கிற பெட்டியை நான்தான் திறந்துவிட்டேன். இதில் சீனியம்மாள் இல்லை என்றால், ஊர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். இந்த மனுஷர் அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு பேத்தியிடம் போகவேண்டும். நான் இருந்த குஷியில் ரங்கூனைப் பற்றிக் கூவிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அறுபத்தைந்தாம் வருஷக் கம்பியை எடுத்தோம். அவர் ஊருக்குப் போனபோது வெயில் காலம் என்பது மட்டும் அவருக்கு ஞாபகம் இருந்தது. அதனால் ஜனவரியிலிருந்து ஜூன் வரை ஒவ்வொரு கார்டாகப் பார்த்தோம். சீனியம்மாள் இல்லை. ஜூலையிலிருந்து டிசம்பர். இல்லை. அறுபத்து நாலும் பார்த்தோம், அறுபத்தாறும் பார்த்தோம். சிம்ரா முதலிலிருந்து இன்னொரு தடவை புரட்டினாள். மதியத் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். மெஹபூப் அலி எழுந்து போய்த் தொழுதுவிட்டு வந்தபோதும் நாங்கள் தரையில்தான் இருந்தோம்.

அண்ணாச்சி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி தங்கச்சி. தெரிஞ்சு போச்சுல்ல. பெட்டிய நீங்களே வச்சுக்கங்க." கும்பிட்டார். அந்தக் கும்பிடு எனக்கு அடிமாதிரி விழுந்தது.

"அண்ணாச்சி, உட்காருங்க," என்றேன். "நான் இன்னும் முடிக்கல." கோபமாகத்தான் சொன்னேன். யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. மெஹபூப் அலியிடம் திரும்பினேன். "உங்கப்பா எல்லா வரியையும் அடிச்ச பிறகுதானே கம்பியில் குத்துவார்? அடிக்காத கார்டை என்ன செய்வார்?"

"அது வருஷக் கம்பில போவாது. மெஷின் பக்கத்துல ஆணில தொங்கும், வேலை முடியிற வரிக்கும்."

"அவர் இறந்தப்போ ஆணியில் தொங்கினது?"

மெஹபூப் அலி யோசித்தார். பிறகு ஏணியில் ஏறி, மூன்றாவது பெட்டியின் அடியில் கையைவிட்டுத் துழாவி, ஒரு முழ நீளக் கம்பியைக் கொண்டுவந்தார். பத்துப் பதினைந்து கார்டுகள்தான் இருந்தன. நாற்பது வருஷ வேலையில் அந்த மனுஷர் முடிக்காமல் போனது அவ்வளவுதான். தானே ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஏழாவதோ எட்டாவதோ கார்டில் அவர் விரல் நின்றது. முன்பக்கம் படித்தார். திருப்பிப் பின்பக்கம் படித்தார். முகம் மாறிவிட்டது.

"இதுதானா?" என்றேன்.

"இதான்." கார்டை என்னிடம் தராமல் பிடித்துக்கொண்டே இருந்தார். "பின்னாடி ஒண்ணுமில்ல மேடம். எத்தினி காப்பின்னு எழுதிக்கீது."

நான் பிடுங்கவில்லை என்று சொன்னால் பொய். வாங்கி, அண்ணாச்சியிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் வாசிப்பதைப் போல ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

"'குரோதி வருஷம் தை மாதம் 16ஆம் தேதி வெள்ளிக்கிழமை, என் தாயார் சீனியம்மாள் சிவலோகப் பதவி அடைந்தபடியால், மேற்படி உத்தரக்கிரியை 13-2-65 சனிக்கிழமை காலை தியாகராய நகர் எங்கள் இல்லத்தில் நடைபெறும். தாங்கள் குடும்பத்துடன் வந்திருந்து...'" நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "'இங்ஙனம், சிரஞ்சீவி இரா. வெள்ளைச்சாமி.'"

அந்தப் பேருக்குக் கீழே விரலை வைத்தார்.

"என் பேரு போட்டிருக்கு," என்றார்.

"கொள்ளி வச்சவர் பேர்லதானே அண்ணாச்சி சொல்லி அனுப்புவாங்க."

"நானா வச்சேன்?"

"நீங்கதான்."

அவருக்கு அது ஞாபகமே இல்லை. யாரோ தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். தன் அம்மா செத்தாளா ஓடிப்போனாளா என்று அறுபது வருஷம் தவித்த மனுஷர், செத்துப்போனாள் என்று ஊருக்கே தன் பேரில் சொல்லியிருக்கிறார். என்னால் தாங்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அதே சமயம் எனக்குக் குதிக்கவேண்டும் போலவும் இருந்தது. கண்டுபிடித்துவிட்டோம், கண்டுபிடித்துவிட்டோம் என்று உள்ளே ஒருத்தி கூத்தாடிக்கொண்டிருந்தாள்.

ஆனால் சிம்ரா அவர் தோளுக்குப் பின்னால் குனிந்து கார்டின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். "மாமா, காப்பி மட்டும் இல்ல, இன்னும் எழுதியிருக்கே," என்றாள் மெஹபூப் அலியிடம்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீயே படிம்மா. அவங்களுக்குத் தெரியட்டும்."

சிம்ரா தமிழில் சொன்னாள். "நூற்றைம்பது காப்பி. தொண்ணூறு உள்ளூருக்கு, பார்ட்டி கையில் கொடுத்தது. இந்த வரி அடிச்சிருக்கு. அறுபது வெளியூருக்கு, விலாசம் எழுதி நாமே தபால் பெட்டியில் போட்டது, பிப்ரவரி பத்து. இதுவும் அடிச்சிருக்கு. அப்புறம் வேற பென்சில்ல: மறுநாள் கலாட்டாவில் பெட்டியைக் கொளுத்திவிட்டார்கள். பார்ட்டிக்குச் சொல்ல வேண்டும்." அந்த வரியைத் தொட்டுக் காட்டி, "இது அடிக்கல," என்றாள்.

அறுபத்தைந்து பிப்ரவரி இரண்டாம் வாரம். அந்த வாரத்தை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். காப்பகத்தில் பெட்டி முப்பத்தொன்று. இந்தி எதிர்ப்புப் போராட்ட நோட்டீஸ்கள், கடையடைப்பு அறிவிப்பு, ஓடாத ரயிலின் டிக்கெட். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும்போதெல்லாம் அதைத் திறந்து காட்டி, மொழிக்காக இந்த மாநிலமே கொதித்த வாரம் இது என்று குரலை உயர்த்திப் பேசுவேன். மொழிப்பற்றோடுதான் பேசுவேன், இப்போதும் பேசுவேன். ஆனால் அந்த வாரம் எரிந்த ஒரு தபால் பெட்டியின் சாம்பலில் ஒரு நாலு வயசுப் பையனின் அறுபது கடிதங்கள் இருந்தன என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அண்ணாச்சி மெல்ல மெல்லப் புரிந்துகொண்டார். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார். "அப்ப ஊருக்குப் போகவே இல்ல. அம்மா வீட்டுக்கும் போகல. அதான் ஒருத்தரும் கருமாதிக்கு வரல. எங்கப்பா என்ன நெனச்சிருப்பாரு? கடுதாசி போட்டும் வரலைன்னுதான நெனச்சிருப்பாரு? சாகுற வரைக்கும் ஊர்ப் பக்கமே போகல தங்கச்சி அவரு. கேட்டா, 'சாவுக்கு வராதவன் வாசல்ல எனக்கென்ன வேலை'ம்பாரு. யாரு சாவுன்னு சொன்னதில்ல. ஊர்ல அவுக, 'ஒரு வார்த்தை சொல்லி விடாதவன்கிட்ட நாம ஏன் கேக்கணும்'னு இருந்துட்டாக. என்னைக் கொண்டு விட்ட கடை ஆள்கிட்டக்கூடக் கேக்கல. இவரும் கேக்கல, அவுகளும் கேக்கல."

ஒருத்தர் வாய் திறந்து கேட்டிருந்தால் போதும். ஆனால் நம் ஊரில் சாவுக்கு வராதவனிடம் போய் ஏன் வரவில்லை என்று எவன் கேட்பான்? சொல்லி அனுப்பாத வீட்டில் போய் என்ன நடந்தது என்று எவன் கேட்பான்? எனக்கு இரண்டு பக்கத்து ஆட்களையும் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. முக்கால்வாசிப் பேர் இப்போது இல்லை.

மெஹபூப் அலி எழுந்து அண்ணாச்சி முன்னால் வந்து நின்றார். "அண்ணே, எங்கப்பா ஏன் சொல்லாம வுட்டாருன்னு எனக்குத் தெரியாது. கலாட்டால கடைய மூடிக்கினு இருந்த நேரம், மறந்துட்டாரோ, வந்து சொல்ல பயந்துட்டாரோ. சொல்லிருக்கணும். அத்தால உங்களுக்கு இம்மாங் கஷ்டம்."

"அவரு அடிக்காம வச்சிருந்தாருல்ல," என்றார் அண்ணாச்சி. "அடிச்சிருந்தா இன்னைக்கு எனக்கு என்ன தெரிஞ்சிருக்கும்?"

கார்டைத் திருப்பி முன்பக்கத்தை இன்னொரு தடவை படித்தார். பிறகு அவர் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை. "பாய், இதை இப்ப அடிச்சுத் தர முடியுமா?"

"எத்தை?"

"இதே பத்திரிகையை. அன்னைக்கு ஊருக்குப் போய்ச் சேராதது இப்பவாவது போகட்டும். அன்னைக்கு அறுவது வீடு. இன்னைக்கு அவுக பிள்ளைங்க, பேரப் பிள்ளைங்க இருக்காக. பந்தியில பேசுனாருல்ல, அவரு விலாசம் எனக்கு நல்லாவே தெரியும். அவருக்கு முதல் கார்டு."

மெஹபூப் அலி உடனே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. ஃபான்ட் எப்படி இருக்கவேண்டும், கறுப்புப் பட்டை எவ்வளவு தடிமன் என்று அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அதிகாரம் செய்ய ஆரம்பித்தேன். சிம்ரா என் கையைப் பிடித்து இழுத்து, "அக்கா, சும்மா இருங்க," என்றாள். அண்ணாச்சி தம் ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பேத்திக்குப் போன் போட்டார். "அனு, ஸ்கூல் விட்டதும் மயிலாப்பூர் வாம்மா. எங்கம்மா பத்திக் கேட்டீல்ல. எழுத்துல இருக்கு, வந்து படி," என்று மட்டும் சொன்னார்.

"வருஷம் மாத்தணுமாண்ணே?" என்றார் மெஹபூப் அலி, தட்டச்சு செய்துகொண்டே.

சுவரில் தொங்கிய காலண்டரை நான் பார்த்தேன். அறுபது வருஷச் சுற்று முடிந்து, இப்போதும் குரோதி வருஷம்தான். தை மாதம்தான்.

"மாத்தாதீங்க," என்றார் அண்ணாச்சி. "தேதி அதுதான. கீழ ஒரு வரி மட்டும் சேருங்க. அன்று அனுப்பியது வந்து சேரவில்லை, இப்போது அனுப்புகிறோம்னு."

"கீழ பேரு? உங்க பசங்க, பேரப் பசங்க எல்லாம் போடணுமே. இப்பல்லாம் அப்டித்தான் போடுறாங்க."

"வேணாம். அன்னைக்கு இருந்த பேரு மட்டும் இருக்கட்டும்."

மெஹபூப் அலி அடித்துக்கொண்டே வந்து கடைசி வரியில் நிறுத்தினார். திரையைப் பார்த்தார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த நரைத்த தலையைப் பார்த்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார். "அண்ணே, சிரஞ்சீவின்னு கீது. கொழந்தைக்குப் போடுறது. எடுத்துட்டு திருன்னு போட்டுடவா?"

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார்.

"இருக்கட்டும் பாய்," என்றார். "அவ போகும்போது நான் அதுதான்."